கருப்புப் பட்டையை விட்டுடுங்கப்பா!

(மூன்றாமாண்டு, மின்னணுவியல் துறை)

எறையூரில் எங்கள் வீட்டுக்கு 43 இன்ச் டிவி வந்தது. கூடவே ஒரு சண்டையும் வந்தது.

விஷயம் இதுதான். 'டிராகன் பால் இசட்' என்ற அனிமே, 1989லிருந்து 1996 வரை ஜப்பானில் ஓடிய தொடர். அந்தக் காலத்து டிவிக்காக 4:3 அளவில் செய்த படம். 2006ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் நம் வீடுகளுக்கு வந்த இலவச 14 இன்ச் கலர் டிவியும் அதே 4:3தான். அதில் படம் கச்சிதமாக உட்காரும். புது டிவியோ 16:9. 1920 புள்ளி அகலத்தில் படம் 1440ஐத்தான் பிடிக்கும். மீதி, பக்கத்துக்கு 240 புள்ளி கருப்புப் பட்டை.

அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. "முழு டிவிக்கும்தானடா காசு கொடுத்தேன்?" என்று ரிமோட்டை எடுத்து ஜூம் போட்டுவிடுவார். பட்டை போச்சு. மேலே எட்டில் ஒரு பங்கு, கீழே எட்டில் ஒரு பங்கு படமும் போச்சு. கீழே போனதில்தான் சப்டைட்டில் இருக்கிறது! அகலத்தை மட்டும் இழுத்துப் பார்த்தோம். கோகு பூரி மாதிரி உப்பிவிட்டான்.

எழுத்து போனால் என்ன என்று கேட்பீர்கள். என் தங்கச்சிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. நாங்கள் பேசினால் உதட்டைப் பார்த்துப் பாதியாவது புரிந்துகொள்வாள். அனிமேயில் அதுவும் நடக்காது. வாய் திறந்தது, மூடியது, பாதி திறந்தது என்று சில படங்களை மாற்றி மாற்றி வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். ஜப்பானியரோடு சேர்ந்து நம்ம ராம் மோகன் இயக்கிய ராமாயண அனிமே 2025 ஜனவரியில் தமிழ்க் குரலோடு தியேட்டருக்கு வந்தபோது நாங்களெல்லாம் குஷி. அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "எழுத்து உண்டா?"

அதனால் நானே உட்கார்ந்தேன். ஆங்கில சப்டைட்டிலைப் பார்த்து ஏஜிசப் என்ற இலவச சாஃப்ட்வேரில் தமிழில் அடிப்பேன். யூடிஎஃப்-8 ஆக சேவ் பண்ண வேண்டும், மறந்துடாதீங்க. பென் டிரைவில் போட்டால் எங்கள் டிவி தமிழைக் கட்டம் கட்டமாகக் காட்டியது. ஆகவே லேப்டாப்பிலிருந்து ஹெச்டிஎம்ஐ வயர். இனி கணக்கு. ஃபைலில் படத்தின் உயரம் 480 என்று இருந்தால் ஜூமில் அடியில் வெட்டுப்படுவது 60. கீழ் மார்ஜினை 75 என்று வைத்தால் எழுத்து தப்பித்துவிடும். சில இடத்தில் ஆள் முகவாயை மறைக்கும். பரவாயில்லை, வாயைப் பார்த்துத்தான் ஒன்றும் ஆகப்போவதில்லையே.

இந்த வேலை புதிசு இல்லை. 1980களின் கடைசியிலேயே அமெரிக்க ரசிகர்கள் அமிகா கம்ப்யூட்டரையும் ஜென்லாக் கருவியையும் வைத்து வீடியோ கேசட்டில் எழுத்து ஏற்றினார்கள். ஆனால் அது காது கேட்கிறவர்களுக்கான எழுத்து. பேச்சை மட்டும் சொல்லும். கதவு தட்டும் சத்தத்தைச் சொல்லாது. ஆள் திடீரென்று ஏன் திரும்பினான் என்று தங்கச்சிக்கு எப்படித் தெரியும்? நான் [பின்னால் காலடிச் சத்தம்] என்று போடுகிறேன். இரண்டு பேர் சேர்ந்து கத்தினால் ஆளுக்கொரு கலர். கண்ணுக்குத் தெரிகிற சத்தத்தை எழுதுவதில்லை. மழைதான் தெரியுதே! இது தங்கச்சி போட்ட சட்டம்.

பட்டையோடு பார்ப்பதுதான் சரி என்பது என் கட்சி. அவளும் என் கட்சி. ஆனால் டிவி அப்பாவுடையது. அதனால் ஒவ்வொரு பாகத்துக்கும் இரண்டு ஃபைல் வைத்திருக்கிறேன். மார்ஜின் 20, மார்ஜின் 75. கரும்பு அரவை நடக்கும் மாதங்களில் அப்பாவுக்கு ஆலையில் நைட் ஷிஃப்ட் வந்தால் 20. வீட்டில் இருந்தால் 75.