செவலையின் இடது மூக்கு

மார்கழி 29, போகி

விடியுமுன்பே தெரு முழுக்கப் புகை. பழைய பாயோடு யாரோ டயரையும் போட்டிருக்கிறார்கள். சில நாளாகவே தும்மிக்கொண்டிருந்த செவலைக்கு இன்று கண்ணிலும் நீர் வழிகிறது.

செவலை சிப்பிப்பாறைச் சாதி நாய். நீண்ட முகம். அந்த நீளத்துக்குள் சுருட்டிய ஓலைபோல மெல்லிய எலும்புகள், அவற்றின்மேல் ஈரச் சவ்வு. உள்ளே போகும் காற்றைப் பதப்படுத்துவதும் தூசியைத் தடுத்து நிறுத்துவதும் அந்தச் சவ்வுதான். மோப்பம் பிடிக்கும் நரம்புகளும் அதற்குள்ளேதான், மேல்பக்கமாக இருக்கின்றன. அவ்வளவு நுட்பமான இடத்தில் டயர் புகை படிகிறது.

மூக்கிலிருந்து வருவது தெளிந்த நீர். இரண்டு துளையிலும் ஒரேமாதிரி வருகிறது. சாப்பாட்டில் குறையில்லை. ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்ததில் 101.8 டிகிரி. நாய்க்கு 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட் வரை இயல்பான சூடு. மூக்கு காய்ந்திருந்தால் காய்ச்சல் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். வெயிலில் படுத்து எழுந்த நாய்க்கும் மூக்கு காய்ந்துதான் இருக்கும்.

தை 4

போகிப் புகை போய்விட்டது, தும்மல் போகவில்லை. எப்போதெல்லாம் தும்முகிறது என்று எழுதி வைக்கிறேன். காலையில் வீடு துடைத்ததும் ஒரு முறை. விளக்கு வைத்தபிறகு மறுபடியும். நடுப்பகலில் வேப்பமரத்தடியில் கிடக்கும்போது ஒன்றுமில்லை. அப்படியென்றால் காரணம் வீட்டுக்குள் இருக்கிறது.

காலையில் ஃபினாயில், மாலையில் கொசுவர்த்திச் சுருள், வெள்ளிக்கிழமை சாம்பிராணி. நாயின் மூக்கு தரையை ஒட்டியே அலைகிறது; துடைத்த தரையிலிருந்து எழும் நெடி அதற்கு நேர் மூச்சு. ஒன்றை நிறுத்தி, சில நாள் பார்த்து, பிறகு அடுத்ததை நிறுத்துவது என்று வைத்துக்கொண்டோம். எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினால் குற்றவாளி எது என்று தெரியாமலே போய்விடும். முதலில் சுருளை விட்டுக் கொசுவலைக்கு மாறியிருக்கிறோம்.

தை 13

சுருளை நிறுத்தியதும் இரவுத் தும்மல் நின்றது. ஃபினாயிலை விட்டு வெறும் வெந்நீரில் துடைத்ததில் காலைத் தும்மலும் அடங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது செவலையை வாசலில் விட்டுவிடுகிறோம். ஒரு மாத்திரைகூடத் தேவைப்படவில்லை.

இன்று அத்தை பயந்து கூப்பிட்டார்: "மூச்சு முட்டுது பாரும்மா, சாகப்போகுது!" ஓடிப்போய்ப் பார்த்தால் கழுத்தை நீட்டி, முழங்கையை விரித்து நின்றுகொண்டு காற்றை உள்ளே இழுத்து இழுத்துக் குறட்டைபோலச் சத்தம் போடுகிறது. பார்க்கப் பதறத்தான் செய்யும். தொண்டையின் மேல்பக்கம் உறுத்தினால் நாய்கள் இப்படித் தலைகீழாகத் தும்மும். தொண்டையை மெதுவாக நீவிவிட்டதும் நின்றது. எப்போதாவது வந்தால் பயமில்லை. அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மாசி 9

சோளம் அறுத்த காட்டைத் தாண்டி, தரிசில் ஓணானைத் துரத்திக்கொண்டு போனது. திரும்பி வரும்போதே அடுக்கடுக்காகத் தும்மல், மூச்சுவிட இடைவெளி இல்லை. முகத்தின் இடப்பக்கத்தைத் தரையில் தேய்க்கிறது, முன்காலால் மூக்கைப் பிறாண்டுகிறது. இடது துளையில் நூலாக இரத்தம். வலது சுத்தமாக இருக்கிறது.

மார்கழிக் குறிப்பைப் புரட்டினேன். அப்போது இரண்டு துளையிலும் நீர் வந்தது. இப்போது ஒன்றில் மட்டும், அதுவும் திடீரென்று. சத்தம் ஒன்றுதான் என்றாலும் சங்கதி வேறு.

"ரெண்டு சொட்டுத் தேங்காண்ணெய் விடும்மா, வழுக்கிட்டு வந்துரும்" என்றார் அத்தை. அன்பில் சொன்னதுதான், ஆனால் செய்யக்கூடாது. மூக்கில் விட்ட எண்ணெய் மூச்சோடு நுரையீரலுக்கு இறங்கினால் அங்கே அழற்சி உண்டாகும். மனிதர்களின் மூக்கடைப்புச் சொட்டுமருந்து நாய்க்கு விஷமாகிவிடக்கூடும். கற்பூரம் கலந்த தைலங்களும் ஆகாது. ஈரத்துணியால் வெளியே துடைத்துவிட்டு, பிறாண்டவிடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் ஆடு மடக்கிக்கொண்டு போன கீதாரி நின்று பார்த்தார். "ஊசிப்புல்லு ஏறியிருக்கும் தாயி. ஆட்டுத் தோலையே தைச்சிரும், மூக்கு எம்மாத்திரம்?"

மாசி 10

கால்நடை மருந்தகத்தில் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "எந்தத் துளை?" குறிப்பேட்டைக் கொடுத்தேன், பொறுமையாகப் படித்தார். பஞ்சிழையை ஒவ்வொரு துளைக்கும் நேரே பிடித்தார். வலதில் நன்றாக ஆடியது, இடதில் அசைவு குறைவு.

பிறகு உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார். மேல்வரிசைப் பல்லின் வேர் சீழ் பிடித்தாலும் மூக்கு வழியாக ஒழுகுமாம். ஈறில் சிவப்புப் புள்ளிகள் உண்டா என்றும் பார்த்தார். நம் ஊரில் மூக்கில் இரத்தம் என்றாலே உண்ணிக் காய்ச்சலை நினைக்க வேண்டும் என்றார். உண்ணி கடித்து எர்லிக்கியா கிருமி ஏறினால் இரத்தத் தட்டணுக்கள் குறைந்து, காயமே இல்லாமல் மூக்கில் இரத்தம் வரும். பரிசோதனையில் தட்டணுக்கள் சரியாக இருந்தன.

தெருநாய்களுக்குப் புணர்ச்சியில் பரவும் கட்டி, முகர்வதன் மூலம் மூக்குக்குள்ளும் வருமென்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. வாரம் ஒருமுறை வின்கிரிஸ்டின் ஊசி போட்டால் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. நீண்ட முக நாய்களுக்குப் பூஞ்சையும் வரலாம். மூக்கோடு கண்ணிலும் பீளை கட்டி, காய்ச்சலும் இருந்தால் டிஸ்டெம்பர் என்று சந்தேகிக்க வேண்டும். அதற்குத் தடுப்பூசி ஒன்றே காப்பு.

"இது திடீர்னு வந்திருக்கு, ஒரே பக்கம், தரிசுல ஓடின நாய். உள்ளே கேமரா விட்டுப் பார்த்தாத்தான் தெரியும்மா" என்று சொல்லி, திருநெல்வேலி இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குச் சீட்டு எழுதினார்.

மாசி 12

நேற்றே தும்மல் குறைந்துவிட்டது. போக வேண்டுமா என்று வீட்டில் பேச்சு வந்தது. அவசியம் போக வேண்டும்: உள்ளே சிக்கிய பொருளுக்குச் சவ்வு பழகிவிட்டால் தும்மல் அடங்கிவிடும், பொருள் அங்கேயேதான் இருக்கும். பிறகு நாற்றத்தோடு சீழ் வரும்.

கல்லூரியில் மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய குழல்கேமராவை இடது துளையில் விட்டார்கள். ஓரிடத்தில் சவ்வு சிவந்து வீங்கியிருந்தது. நடுவே பழுப்பாக ஒரு முனை. இடுக்கியால் பிடித்து மெதுவாக இழுத்தார்கள். ஊசிப்புல்லின் விதை. கீதாரி சொன்னது அப்படியே சரி.

கையில் வாங்கிப் பார்த்தேன். ஒரு முனை ஊசிக்கூர். அதையொட்டிப் பின்னோக்கிச் சாய்ந்த விறைப்பான மயிர்கள், அதனால் முன்னே போகுமே தவிரப் பின்னே வராது. மறுமுனையில் முறுக்கிய நீண்ட வால், ஈரம் பட்டால் பிரியும், காய்ந்தால் மறுபடி முறுக்கிக்கொள்ளும். அப்படித் திருகித்தான் இந்த விதை மண்ணுக்குள் இறங்குகிறது. நாயின் மூக்கிலும் அதே ஈரம் கிடைக்கிறது. சில சமயம் இது மூச்சுக்குழல்வரை போய்விடுவதும் உண்டு என்றார்கள்.

மாசி 21

மருந்து முடிந்தது. இரண்டு துளையிலும் மூச்சு சீராக வருகிறது. கீதாரியிடம் சொன்னபோது சிரித்துவிட்டு, தன் நாய்களின் காதையும் விரலிடுக்கையும் காட்டினார். தினமும் பட்டி அடைந்ததும் தடவிப் பார்ப்பாராம். இந்தக் கரிசல் காட்டில் அவரைவிட நல்ல ஆசான் எனக்கு இல்லை.

இந்தப் பக்கம் நாய் வளர்ப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தையிலும் மாசியிலும் புல் காய்ந்து நிற்கும் தரிசில் நாயை ஓடவிடாதீர்கள். ஓடிவிட்டு வந்து விடாமல் தும்மினால், எந்தத் துளை, எப்போது தொடங்கியது என்று எழுதிக்கொண்டு அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். எண்ணெய் மட்டும் விடாதீர்கள்.