எங்கள் வீட்டு எறும்புச் சிறை!

எறும்பு என்றாலே நமக்கெல்லாம் நினைவுக்கு வருவது சர்க்கரை டப்பாதான். அதைக் கொல்ல மருந்து வாங்குவோமே தவிர, வளர்க்க யாரும் நினைப்பதில்லை. வளர்ப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை நண்பர்களே, வெளியே விடாமல் காப்பதுதான் பெரும்பாடு!

மழை ஓய்ந்த ஒரு மாலையில் இறக்கை உதிர்ந்த கட்டெறும்பு ராணி ஒன்று எனக்குக் கிடைத்தது. சோதனைக் குழாயில் விட்டுப் பஞ்சால் அடைத்தேன். தனியாகவே முட்டையிட்டுக் குடும்பத்தை உண்டாக்கியது. கூட்டம் பெருகியதும் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு மாற்றினேன். ஆரம்பித்தது வினை! வாயில் வைத்த பஞ்சை இழை இழையாகப் பிரித்து வெளியே வந்துவிட்டன.

அரக்கோணத்தில் எங்கள் வீடு ஒரே அறை. அப்பா மூட்டை தூக்குகிறார். அம்மா முறுக்கு சுட்டு விற்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். என் செமஸ்டர் கட்டணம் அந்த மாவு டின்னிலிருந்துதான் வருகிறது.

"இன்னாடா இது? முறுக்குல ஒரு எறும்பு இருந்துச்சின்னா நாளைக்கு எவன்டா வாங்குவான்? ஒரு வாரம் டைம் தர்றேன். அப்புறம் பாட்டில் வெளிய போயிடும்" என்றார் அம்மா.

முதலில் தப்பியவற்றைப் பிடிக்க வேண்டும். எறும்பு போகிற வழியில் வாசனைக் கோடு போட்டுக்கொண்டே போகும். அதைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தால் பின்னால் வருபவை தடுமாறி நிற்கும். பிரஷ்ஷால் தள்ளி டப்பாவில் போட்டுவிடலாம். ஒன்றிரண்டு தப்பினாலும் பயமில்லை. ராணி இல்லாமல் அவை புதுக் கூட்டம் அமைக்க முடியாது.

அடுத்தது தடுப்பு. தண்ணீர்த் தட்டில் துரும்பு விழுந்தால் அதுவே பாலம். எண்ணெயில் தூசி படிந்தால் அதுவே ரோடு! எறும்பின் காலில் இரண்டு கொக்கிகளும் நடுவே பசையுள்ள மெத்தையும் உண்டு. அதனால்தான் கண்ணாடியிலும் ஏறுகிறது. முகப்பவுடரை ஸ்பிரிட்டில் குழைத்துப் பாட்டில் கழுத்தின் உள்ளே பூசினேன். காய்ந்த பவுடரில் கால் வைத்தவை வழுக்கி விழுந்தன. ஒர்க்ஷாப்பில் பைப் மரையில் சுற்றுகிறோமே டெஃப்லான், அது 1938-ல் ராய் பிளங்கெட் குளிர்சாதன வாயுக்களை ஆராய்ந்தபோது தற்செயலாகக் கிடைத்தது. அதன் திரவ வடிவத்தைத்தான் ஆராய்ச்சிக்கூடங்களில் எறும்புப் பெட்டிக்குப் பூசுகிறார்கள்.

மூடிக்காகச் செத்த எறும்பின் தலையை வெர்னியரில் அளந்தேன். ஒன்றரை மில்லிமீட்டர். அதைவிடச் சிறு கண்ணுள்ள டீ வடிகட்டி வலையை ஒட்டினேன். எட்டாம் நாள் அம்மா மாவு டின்னைத் திறந்து பார்த்தார். "சரி, பரண் மேலயே இருக்கட்டும்" என்றார்!

ஒரு பாட்டிலுக்கு இத்தனை கவலையா என்று சிரிக்காதீர்கள். திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலைச் சுற்றுவட்டாரத்தில் 2022-ல் மஞ்சள் பைத்திய எறும்பு பெருகியது. அது கடிப்பதில்லை, ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். ஆடு மாடுகளின் கண்கள் பாதிக்கப்பட்டதாக விவசாயிகள் கதறினார்கள். இதே எறும்பு கிறிஸ்துமஸ் தீவில் கோடிக்கணக்கான செந்நண்டுகளைக் கொன்றிருக்கிறது. மனிதனின் சரக்கோடு சரக்காக ஊர் ஊராகப் போன எறும்பு அது.

ஆகவே நண்பர்களே, வளர்க்க ஆசையிருந்தால் நம் மண்ணில் கிடைத்ததை மட்டும் வளருங்கள். வேண்டாமென்றால் எடுத்த இடத்திலேயே விடுங்கள். எறும்பு வாங்கும் முன் மூடியைச் செய்யுங்கள்!