விறகுக் கட்டை

லென்கோ எல்75 ரெக்கார்ட் பிளேயரை அப்படியே தூக்கி மேசை மேல் வைத்துவிட முடியாது. மேலிருந்து பார்த்தால் ஒரு தகடு, அதன்மேல் ஏறக்குறைய 4 கிலோ எடையுள்ள சுழல்தட்டு, வலப்பக்கம் ஊசிக்கை. தகட்டைப் புரட்டினால்தான் விஷயம் தெரியும். மோட்டார் ஸ்பிரிங்குகளில் தொங்கிக்கொண்டிருக்கும். வேகம் மாற்றும் நெம்புகோல், சக்கரம், ஒயர் எல்லாம் அடியில்தான். ஆகவே உள்ளே குடைந்த ஒரு மரப்பெட்டி வேண்டும். ஆங்கிலத்தில் பிளிந்த் என்கிறார்கள். நான் அடிப்பெட்டி என்று சொல்லிக்கொள்கிறேன்.

எனக்குக் கிடைத்த லென்கோவுக்கு அடிப்பெட்டி இல்லை. அது என் தாய்மாமாவுடையது. சுவிட்சர்லாந்துக்காரன் செய்த இயந்திரம் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு எப்படி வந்தது என்று கேட்டால் மாமா ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கதை சொல்வார். 1970களில் அவர் ‘ரேடியோ செட்’ வைத்திருந்தார். கல்யாணம், சடங்கு, ஆடித் திருவிழா எல்லாவற்றுக்கும் அவருடைய செட்தான். தோட்டத்து ஜெனரேட்டர் நிற்கும்வரை பாட்டும் நிற்காது. மாமா போன பிறகு அத்தை ஸ்டோர் ரூமைக் காலி செய்தபோது என்னைக் கூப்பிட்டார். பெட்டியைத் தொட்டேன், மாவாக உதிர்ந்தது. கரையான் மேல்தோலை மட்டும் விட்டுவைத்திருந்தது. “இரும்ப மட்டும் எடுத்துக்கப்பா” என்றார் அத்தை.

பெட்டி என்பது சும்மா தாங்கி நிற்கும் பொருள்தானே என்று தோன்றலாம். லென்கோவில் அப்படி இல்லை. இதில் ரப்பர் வார் கிடையாது. மோட்டாரின் தண்டு கூம்பு வடிவத்தில் இருக்கும். ரப்பர் விளிம்பு போட்ட ஒரு சிறு சக்கரம் செங்குத்தாக நின்று, ஒரு பக்கம் அந்தத் தண்டையும் மறுபக்கம் சுழல்தட்டின் அடிப்பாகத்தையும் தொட்டபடி ஓடும். சக்கரத்தைக் கூம்பின் மீது நகர்த்தினால் வேகம் மாறும். 16, 33, 45, 78 எல்லாம் இந்த ஒரு நகர்த்தலில் கிடைக்கும். அழகான ஏற்பாடு. ஆனால் மோட்டார் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1400 சுற்று சுற்றுகிறது. அந்த அதிர்வு சக்கரம் வழியாகவும் தகடு வழியாகவும் ஊசிக்குப் போய்ச் சேரும். ஊசிக்கு எது பாட்டு, எது மோட்டார் என்று பிரிக்கத் தெரியாது. எது அசைத்தாலும் அதை ஒலியாக்கிக் கொடுத்துவிடும். பாட்டுக்கு அடியில் ஓர் உறுமல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அந்த உறுமலை வாங்கி விழுங்குவதுதான் அடிப்பெட்டியின் வேலை. கம்பெனியிலிருந்து வந்த பெட்டி எடை குறைந்தது. ஸ்பிரிங் மேல் இயந்திரம் மிதக்கிற மாதிரி அமைத்திருந்தார்கள். பின்னாளில் உலகம் முழுக்க லென்கோ பைத்தியங்கள் வேறு வழியைப் பிடித்தார்கள். பிளைவுட்டை அடுக்கடுக்காக ஒட்டி, கனமான ஒரு கட்டையாக்கி, இயந்திரத்தை அதில் நேராக முடுக்கிவிடுவது. அதிர்வுக்குப் போக இடம் வேண்டும், கனம் அதற்கு இடம் கொடுக்கிறது. நானும் இந்த வழிக்குத்தான் போனேன்.

உள்ளே பிளைவுட் சரி, வெளியே எந்த மரம்? செங்கால் நல்ல கனம், விலையும் கனம். மெர்பாவ் சிவப்பாக அழகாக இருக்கும். ஞாத்தோ இழைக்கச் சுலபம். தச்சுக்கடையில் எல்லாவற்றையும் தடவிப் பார்த்துவிட்டு, ஓரமாகச் சாய்த்து வைத்திருந்த வெளுத்த பலகையைக் காட்டினேன். கடைக்கார ஆ பெக் சிரித்தார். “காயு கெத்தா? இத்து மூரா சாஜா!” ரப்பர் கட்டையா, அது ரொம்ப மலிவாச்சே என்று அர்த்தம். மலிவு என்பதற்காக நான் கேட்கவில்லை.

வீட்டில் இறக்கியதும் அப்பா வந்து பார்த்தார். நகத்தால் ஒரு கீறு கீறினார். முகர்ந்தார்.

“இது ரப்பர் கட்டைடா.”

“ஆமாப்பா.”

“வேற மரமே கெடைக்கலயா? மாமா சாமானுக்கு வெறகுக் கட்டையிலயா பொட்டி செய்வ?”

அப்பா 31 வருடம் மரம் வெட்டியவர். எங்கள் பேச்சில் மரம் வெட்டுவது என்றால் பட்டையைச் சீவிப் பால் எடுப்பது. மரத்தையே கீழே தள்ளுவதைச் ‘சாய்ப்பது’ என்போம். வெளியூர்க்காரர்கள் குழம்புவார்கள். இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில்தான் அப்பாவின் ஆயுள் போனது. நட்டு ஐந்தாறு வருடத்தில் வெட்ட ஆரம்பிப்பார்கள். 25, 30 வருடத்தில் பால் குறையும். பிறகு சாய்த்துவிட்டு மறுநடவு. சாய்த்த மரத்துக்கு அன்று மதிப்பில்லை. ரப்பர் ஷீட்டுகளைப் புகை போடும் கொட்டகைக்கும் செங்கல் சூளைக்கும் போகும். மிச்சம் லயத்து அடுப்புக்கு. காட்டிலேயே போட்டுக் கொளுத்துவதும் உண்டு.

அப்பா அதை விறகு என்று சொன்னதில் தப்பே இல்லை. சாய்த்த சில நாட்களிலேயே ரப்பர் கட்டையில் நீலப் பூஞ்சணம் ஏறிவிடும். மாவும் சர்க்கரையும் நிறைந்த மரம் என்பதால் வண்டும் தேடி வரும். 1877இல் கியூ தோட்டத்திலிருந்து 22 நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்ததிலிருந்து ஏறக்குறைய நூறு வருடம், இந்த மரத்தில் எல்லாரும் பார்த்தது பாலை மட்டும்தான். பிறகு, அறுத்த கையோடு பலகைக்குள் அழுத்தத்தில் போரான் கரைசலை ஏற்றி, சூளையில் காயவைத்தால் பூஞ்சணமும் வண்டும் அண்டாது என்ற வழி பிடிபட்டது. கெப்போங்கில் இருக்கும் வன ஆராய்ச்சிக் கழகத்துக்கு இந்த வேலையில் பெரிய பங்கு உண்டு. 1980களில் ரப்பர் கட்டை மேசை நாற்காலியாகிக் கப்பலேறியது. ஜொகூரின் மூவார் பட்டணம் தளவாடங்களுக்குப் பெயர் வாங்கியதில் இந்தக் கட்டைக்கும் பங்கு உண்டு.

இந்த வருடங்களை அப்பாவின் வருடங்களோடு சேர்த்துப் பார்த்தால்தான் எனக்கு உறைக்கிறது. கட்டைக்கு விலை வந்த அதே காலத்தில்தான் ரப்பர் தோட்டங்கள் செம்பனையாகவும் தாமானாகவும் மாறிக்கொண்டிருந்தன. மரத்தைச் சாய்த்தார்கள், லயத்தையும் உடைத்தார்கள். மரம் லாரியில் ஏறி ஆலைக்குப் போனது. நாங்கள் இன்னொரு லாரியில் சட்டி பானையோடு சுங்கை பட்டாணி பக்கம் வந்தோம். பாலுக்கு நாள் கூலி கொடுத்தார்கள். கட்டைக்கு விலை வந்தபோது கணக்கில் நாங்கள் இல்லை. இதை அப்பாவிடம் சொன்னேன். “கட்டை தோட்டத்துக்காரனோடது. நம்மளுதா?” என்றார். கோபமாகக்கூட இல்லை.

வேலை தொடங்கியது. 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஐந்து அடுக்கு, மொத்தம் 90 மில்லிமீட்டர். முதலில் மெல்லிய பலகையில் அச்சு வெட்டிக்கொண்டேன். மோட்டார், நெம்புகோல், ஊசிக்கையின் தண்டு ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு மட்டும் குடைய வேண்டும். வெற்றிடம் பெருகினால் பெட்டி மேளமாகிவிடும். ஒவ்வொரு அடுக்கையும் ஜிக்சாவில் கொஞ்சம் குறைத்து அறுத்து, பிறகு அச்சை ஒட்டி ரவுட்டரை ஓடவிட்டால் எல்லா அடுக்கும் ஒரே கோட்டில் வந்துவிடும். வெள்ளைப் பசை தடவி அடுக்கினேன். இருக்கிற கிளாம்ப் போதவில்லை. அம்மா வாங்கி வைத்திருந்த 10 கிலோ அரிசி மூட்டை நான்கை மேலே ஏற்றினேன். “ரெண்டு நாளைக்கு யாருக்கும் சோறு கெடையாது” என்றார் அம்மா.

சுற்றிலும் போட வேண்டிய ரப்பர் பலகையை அறுக்கும்போது அப்பா பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கடையில் கிடைக்கும் ரப்பர் பலகை முழுப் பலகை அல்ல. அடிமரம் குட்டை, கோணல். ஆகவே துண்டு துண்டாக அறுத்து, முனைகளை விரல் கோத்த மாதிரி சேர்த்து ஒட்டியிருப்பார்கள். ஒவ்வொரு துண்டும் வேறு வேறு மரத்திலிருந்து வந்திருக்கலாம். முன்பக்கத்துக்கு எடுத்து வைத்திருந்த பலகையில் ஒரு துண்டில் மட்டும், விரல் நீளத்துக்குக் கறுப்பும் பழுப்புமாக ஒரு கோடு ஓடியது. எனக்கு அது பிடித்திருந்தது. முன்னால் நடுவில் வருகிற மாதிரி அளவெடுத்தேன்.

அப்பா எழுந்து வந்து அந்தக் கோட்டைத் தடவினார்.

“இது காயம்.”

“என்ன காயம்?”

“கத்தி எறங்கிருச்சு. பட்டையைத்தான் சீவணும். உள்ள ஒரு நூலு விட்டுடணும். அதையும் தாண்டிக் கட்டையில பட்டா மரம் புண்ணாயிரும். புண்ண மூடிட்டு மேல வளரும், ஆனா வளர்ற பட்டை முண்டு முண்டா வரும். அடுத்த தடவ அங்க கத்தி ஓடாது.” கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “புதுசா வந்த ஆளா இருக்கும். இல்லன்னா அவசரத்துல வெட்டியிருப்பான். மழ வர்ற நேரமா இருந்திருக்கும்” என்றார்.

நான் அதை அழகு என்று நினைத்து முன்னால் வைக்கப் பார்த்தேன். அப்பாவுக்கு அது வேலைப் பிசகு. காயம் பட்ட மரத்தை மண்டோர் பார்த்துவிட்டால் பெரட்டில் எல்லார் முன்னாலும் பேச்சு விழும். தன்னுடைய வெட்டில் காயம் இருக்காது என்பதுதான் அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்ட ஒரே பெருமை. யாரோ ஒருவனுடைய பிசகை நடுக்கூடத்தில் காட்சிக்கு வைப்பதில் அவருக்குச் சம்மதமில்லை. “பின்னால போடு. அவனும் பாவம்” என்றார். பலகையைத் திருப்பி அளவெடுத்தேன். அந்தக் கோடு இப்போது ஒயர் வெளியே வரும் துளைக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்தபடி இருக்கிறது.

மெருகுக்கு அரக்கு. தளவாடக்காரர்கள் இப்போது தெளிக்கும் பிளாஸ்டிக் பூச்சு சீக்கிரம் முடியும், தண்ணீருக்கும் தாங்கும். ஆனாலும் அரக்கை எடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. மாமாவின் பெட்டியில் எல்.பி.க்களோடு சில 78 தட்டுகளும் இருந்தன. அந்தப் பழைய தட்டுகள் அரக்கால் செய்தவை. இந்தியக் காடுகளில் ஒரு சின்னப் பூச்சி மரக்கிளையில் சுரந்து வைக்கும் அரக்கோடு கல்மாவும் கரியும் கலந்து அழுத்தியது. அதனால்தான் கீழே விழுந்தால் கண்ணாடி மாதிரி உடையும், ஸ்பிரிட் பட்டால் கரையும். அதே அரக்கைச் செதிலாக வாங்கி ஸ்பிரிட்டில் ஊறவைத்தால் மெருகு. மலாயில் சியெலெக் என்பதும் இதைத்தான்.

உப்புத்தாளை 120, 180, 240, 320 என்று படிப்படியாக ஏற்றித் தேய்த்தேன். ரப்பர் கட்டையின் கண்கள் பெரியவை, தூசி போய் உட்கார்ந்துகொள்ளும். துடைத்துவிட்டு, பஞ்சைப் பருத்தித் துணியில் சுற்றி, அரக்கில் நனைத்து, நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக இழுக்க வேண்டும். நடுவில் நின்றால் தழும்பு விழும். மழை நாளில் பூசவே கூடாது. ஸ்பிரிட் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மெருகு பால் மாதிரி வெளுத்துவிடும். நம் ஊரில் இது பெரிய தொல்லை. வெயில் ஏறிய பிறகு காலை 11 மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்குள் முடித்துக்கொண்டேன். பதினோரு பூச்சு, எட்டு நாள். வெளுத்த கட்டை மெல்ல மெல்லத் தேன் நிறத்துக்கு வந்தது.

எடை போட்டுப் பார்த்தபோது பெட்டி மட்டும் 9 கிலோவுக்கு மேல். இயந்திரத்தை உள்ளே இறக்கி முடுக்கினேன். ஊசிக்கையைத் தாங்கும் சிறு ரப்பர் துண்டுகள் இந்த மாடலில் காலப்போக்கில் உதிர்ந்துபோகும். மாமாவினுடையதும் அப்படித்தான் பொடியாகிக் கிடந்தது. அதற்குப் புதிது போட்டேன். சக்கரத்தின் விளிம்பைத் துடைத்து, அச்சுகளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன்.

பெட்டி வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சுலப வழி உண்டு. தட்டைச் சுற்றவிடாமல், ஊசியை அதன்மேல் இறக்கி, ஒலியைக் கூட்டி, பெட்டியை விரல் முட்டியால் தட்ட வேண்டும். முன்பு சாமான் பெட்டிப் பலகையில் நான் அடித்த தற்காலிகச் சட்டத்தில் இப்படித் தட்டியபோது ஸ்பீக்கரில் கதவை இடிக்கிற மாதிரி சத்தம் வந்தது. இப்போது ‘டுப்’ என்று ஒரு சின்ன ஒலி, அவ்வளவுதான். அப்பாவும் தட்டினார். இன்னொரு தடவை தட்டினார். பிறகு மாமாவின் எல்.பி. ஒன்றைப் போட்டேன். பாட்டு தொடங்கும் முன்னால் வருமே, ஊசி சும்மா ஓடும் அந்த இரண்டு மூன்று வினாடி, அதில் உறுமல் இல்லை. ரெக்கார்டின் கரகரப்பு மட்டும் கேட்டது. “மாமா செட்டுல இவ்வளவு தெளிவா கேட்டதே இல்ல. அப்பல்லாம் ஜெனரேட்டரு சத்தமும் சேந்துதான் பாடும்” என்றார் அப்பா. பக்கம் முடியும்வரை எழுந்து போகவில்லை.

மறுநாள் காலை கொல்லையில் பார்த்தால், அறுத்த மிச்சத் துண்டுகளை எல்லாம் அவர் கயிற்றில் கட்டி அடுக்கியிருந்தார். பொங்கலுக்கு ஆகுமாம்.

“அது வேணாம்ப்பா. மருந்து ஏத்துன கட்டை. பசை வேற இருக்கு. அடுப்புக்கு ஆகாது.”

அப்பா கட்டைப் பிரித்து ஒரு துண்டை எடுத்து, இப்படியும் அப்படியும் புரட்டினார்.

“எரிக்கக்கூட ஆகாதா?”

“ஆகாதுப்பா.”

“அப்ப இது வெறகு இல்லடா” என்றார். துண்டுகளைத் திரும்பக் கட்டி, கொண்டுபோய் என் உளிப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.