அமுக்கினா திரும்பி வரணும்

பொட்டி தட்டுற வேலைன்னு சொன்னா ஊர்ல அத்தோட விட்டுடுவாங்க. எங்க அப்பாயி விடாது. போன பொங்கலுக்கு ரஞ்சன்குடி போயிருந்தப்ப, "அப்படி என்னத்தடா தட்டுற?"ன்னு கேட்டுச்சு. லேப்டாப்புல என் ஜெல்லி உருண்டையைக் காட்டினேன். மவுஸால இழுத்தா நசுங்கும், விட்டா பழைய வடிவத்துக்கு வந்துடும்.

"இதுக்கா சம்பளம் தர்றான்?" :-)

ஏன் தர்றான்னு உங்ககிட்டயாவது சொல்லிடறேன். கல்லை உருட்டறது சுலபம். எங்க ஊர் கோட்டைக் கல்லு 1751ல வாலிகண்டபுரம் சண்டையைப் பார்த்த கல்லு, எங்க தூக்கிப் போட்டாலும் அதே வடிவம்தான். மெத்துனு இருக்கறது அப்படி இல்லை, ஒவ்வொரு புள்ளியும் தன் இஷ்டத்துக்கு நகரும். 1987லயே டெர்சோபூலோஸ் குழு இதுக்கு சமன்பாடு எழுதிட்டாங்க. சிக்கல் நேரம்தான். கேம்ல நொடிக்கு 60 படம், ஒரு படத்துக்கு 16 மில்லி செகண்டு சொச்சம். புள்ளிகளை ஸ்பிரிங்கால கட்டி, ஸ்பிரிங்கை விறைப்பா வெச்சா இலக்கைத் தாண்டிப் போகும், திரும்பறப்ப அதைவிட அதிகமாத் தாண்டும், கடைசியில உருண்டை வெடிச்சு திரையை விட்டே ஓடிடும். இதோட மூணு ராத்திரி போராடியிருக்கேன்.

2005ல மத்தியாஸ் முல்லர் குழு வேற வழி சொன்னாங்க. மூல வடிவத்தை எடுத்து, கலைஞ்சு கிடக்கற புள்ளிகள் மேல முடிஞ்சவரை பொருத்து. ஒவ்வொரு புள்ளியையும் அதனதன் இடத்தை நோக்கிக் கொஞ்சம் இழு. அவ்வளவுதான், வெடிக்காது. பள்ளம் அப்படியே நிக்கணும்னா மூல வடிவத்தையே கொஞ்சம் மாத்திடணும். அதுக்குப் பேரு பிளாஸ்டிசிட்டி.

அன்னிக்கு ராத்திரி அப்பாயி கால் அமுக்கச் சொல்லுச்சு. கணுக்காலுக்கு மேல கட்டைவிரலை வெச்சு எடுத்தா, குழி அப்படியே இருக்கு! புத்தி போற போக்கைப் பாருங்க, 'ஆகா, பிளாஸ்டிசிட்டி'ன்னு போனை எடுத்து வீடியோ பிடிச்சேன். நிரம்ப அரை நிமிஷம் ஆச்சு. மூணாவது தடவை அமுக்கறப்ப அம்மா பார்த்துட்டாங்க.

"எத்தன நாளா இப்படி வீங்கிக் கெடக்கு?"

அப்பாயி வாயைத் திறக்கல.

மறுநாள் பெரம்பலூர்ல டாக்டரும் அதே இடத்துல கட்டைவிரலை வெச்சார். தோலுக்கடியில நீர் கோத்திருக்காம். அமுக்கினா பக்கத்துல ஒதுங்கி, மெதுவாத் திரும்பி வருது. ஆக பிளாஸ்டிசிட்டியும் இல்லை, நான் சொன்னது தப்பு. எக்கோ எடுத்தாங்க. இதயம் பம்ப் பண்றது குறைஞ்சிருக்கு. மாத்திரை கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொன்னார். ஊறுகாய் போச்சேன்னு அப்பாயிக்கு இன்னமும் அவர் மேல கோவம்.

அந்த வீடியோ போன்லயே இருக்கு. அதைப் பார்த்துப் பார்த்து, மெதுவாத் திரும்பற மாதிரி உருண்டையை மாத்தியிருக்கேன். 30 செகண்டுல குழி நிரம்புது.

நேத்து அம்மாவை அமுக்கிப் பார்க்கச் சொன்னேன். அஞ்சு எண்ணறதுக்குள்ள நிரம்பிடுச்சாம்.