லைனரைத் துளைக்கும் குமிழி

நாமக்கல்லில் லாரிப் பட்டறைகள் நெருங்கி நிற்கும் தெரு. ரேடியேட்டர் வேலை செய்யும் பெரியவர் கேஸ் சுடரால் ஈயப்பற்றை உருக்கி மேல் தொட்டியைக் கழற்றினார். பித்தளைக் குழாய் ஒவ்வொன்றிலும் கம்பியை விட்டுக் குத்தக் குத்த, வெள்ளைப் பொடி கொட்டியது. வெந்நீர்ப் பானையின் அடியில் ஒட்டுகிற அதே உப்புக் காரைதான்.

“போர் தண்ணிங்க. வண்டி எங்க சூடாகுதோ, அங்க கெடைக்கறத ஊத்திக்கறாங்க” என்றார்.

கழற்றி, குத்தி, மறுபடி ஈயம் வைத்து, தொட்டியில் அமுக்கிக் காற்றடித்துப் பார்க்கும் இந்தக் கைவேலை பித்தளையோடு சரி. புது வண்டிகளில் அலுமினியக் கோர், பிளாஸ்டிக் தொட்டி. அடைத்துப்போனால் பெரும்பாலும் புதிதாக வாங்கி மாட்டுவதுதான் வழி.

பக்கத்துப் பட்டறை மெக்கானிக் காட்டிய லைனர்தான், அதாவது பிஸ்டன் ஓடும் இரும்புக் குழாய்தான், என்னை அதிகம் உலுக்கியது. தண்ணீர் படும் வெளிப்புறத்தில், ஒரே பக்கமாக, மேலிருந்து கீழாகச் சிறு குழிகள். ஒன்று உள்ளே வரை துளைத்திருந்தது. பிஸ்டன் பக்கவாட்டில் இடிக்கும்போது லைனர் அதிர்கிறது. அதை ஒட்டிய நீரில் நுண்ணிய ஆவிக் குமிழிகள் தோன்றி உடைகின்றன. அந்த உடைப்பின் விசையே இரும்பைத் தோண்டுகிறது. இன்ஜினைக் குளிர்விக்கும் நீரில், அதாவது கூலண்டில், நைட்ரைட் போன்ற தடுப்புப் பொருள் கலந்திருந்தால் லைனர்மேல் காப்புப் படலம் உருவாகும். சிதைந்த இடத்திலும் மறுபடி படியும். பெட்ரோல் காருக்கான கூலண்டில் இந்தத் தடுப்புப் பொருள் இல்லாமல் போகலாம்.

கூலண்ட் வாங்கச் சொன்னால், “நம்ம ஊர்ல என்னங்க பனியா உறையுது?” என்பது லாரி முதலாளிகளின் கேள்வி. நியாயமானதுதான். தண்ணீரும் எத்திலீன் கிளைக்காலும் பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது; காஷ்மீருக்கு லோடு போகும் வண்டிக்கு அது கட்டாயம். சமவெளியிலேயே ஓடும் வண்டிக்கு, உப்பு நீக்கிய தண்ணீரோடு டீசல் இன்ஜினுக்கான தடுப்புப் பொருளைச் சேர்த்தால் போதும், தயாரிப்பாளர் அதற்கு அனுமதித்திருந்தால். வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீரே கிளைக்காலை விஞ்சும். ஆனால் வெறும் ஆர்.ஓ. தண்ணீர் காரை கட்டாதே தவிர, துருவைத் தடுக்காது. துருவுக்காகப் பழைய ஆட்கள் ஊற்றிய கட்டிங் ஆயில் ரப்பர் ஹோஸைக் கெடுக்கும். தண்ணீரே கலக்காத கூலண்ட் 180 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். ஆனால் வழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டால் அதன் பயன் போய்விடும். லாரிக்கு அது ஒத்துவராது என்பதே என் முடிவு.

ஓட்டுநர்களே, பச்சை, சிவப்பு என்று நிறம் பார்த்து வாங்காதீர்கள். நிறத்துக்குப் பொது விதி ஏதும் இல்லை. இன்ஜின் கையேட்டில் சொன்ன வகையைக் கேட்டு வாங்குங்கள். வகை தெரியாமல் ஒன்றோடொன்று கலக்காதீர்கள். இறக்கிய கூலண்டைப் பட்டறைத் தரையில் விடாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் கடும் விஷம். நாய் நக்கினால் சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போகும். மூடியுள்ள கேனில் பிடித்து, குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.