பொன் கூடும் பொடிச் சங்கிலியும்

பழைய இங்கிலீஷ் சட்டைப்பைக் கடிகாரங்களைத் தேடித் தேடிச் சேர்க்கிறவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. பணக்காரப் பித்து என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அந்தப் பித்தர்கள் இல்லாவிட்டால் என்ன மிஞ்சியிருக்கும்? 1798-க்கு முன்னால் லண்டனில் முத்திரையிட்ட பொன் கூடு என்றால் அது 22 காரட். தங்கம் விலை ஏறினால் கூடு உலைக்குப் போய்விடும். இயந்திரம் மட்டும் அநாதையாக நிற்கும்.

இல்பர்ட் என்ற பொறியாளர் அப்படி ஒரு பித்தர். அவர் 1956-ல் இறந்தார். 1958-ல் அவர் சேர்த்தவை ஏலத்தில் சிதற இருந்தபோது, கில்பர்ட் எட்கர் என்பவர் 50,000 பவுன் கொடுத்தார். பிறகு மற்றவர்களும் கை கொடுக்க, அந்தத் தொகுப்பு பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

எனாமல் வேலையோ, அடேயப்பா! கண்ணாடியைப் பொடியாக்கி, பொன் தகட்டில் பூசி, சூளையில் வைத்து உருக்க வேண்டும். பல நிறம் வேண்டுமானால் பல தடவை சூளை ஏற வேண்டும். பொன்னில் முதலில் அலையலையாகக் கோடு இழைத்து, அதன்மேல் நீலக் கண்ணாடியைப் படரவிட்டிருப்பார்கள். லேசாகச் சாய்த்தால் போதும், குளத்தடியில் வெயில் ஆடுகிற மாதிரி இருக்கும். கை தவறினால் போச்சு. விரிசலை மீண்டும் சூளையில் வைக்க யாருக்கும் துணிவு வராது. பிசின் பூசி மறைப்பதோடு சரி.

ஆனாலும் அழகு முழுவதும் வெளியில் இல்லை. யாராவது இப்படி ஒரு கடிகாரத்தைக் காட்டினால், நான் உள்ளே திறக்கச் சொல்வேன். சாவி கொடுத்ததும் முறுக்காக இழுக்கும் வில், நேரமாக ஆகத் தளர்ந்துவிடும். அதைச் சமன்செய்யக் கூம்பு வடிவில் ஓர் உருளை. அதைச் சுற்றி ஒரு சங்கிலி. சைக்கிள் சங்கிலியேதான், ஆனால் நூல் கனத்தில்! இங்கிலாந்தின் தென்கரையில் கிரைஸ்ட்சர்ச் என்று ஒரு சிற்றூர். 1790-களிலிருந்து அங்கே பெண்களும் சிறுமிகளும் இதைக் கோத்தார்கள். ஏழையர் விடுதிப் பிள்ளைகளும் கோத்தார்கள். கண் கெட்டுப்போகிற வேலை.

செய்தவர் பெயரையும் ஊரையும் கடிகாரத்தில் பொறித்தாக வேண்டும் என்று 1698-லேயே இங்கிலாந்தில் சட்டம் வந்தது. பொறித்தார்கள், கடைக்காரர் பெயரை. ஏலப் பட்டியல்களில் எனாமலுக்கு அரைப் பக்கம் வர்ணனை இருக்கும். அந்தச் சிறுமிகளின் வேலைக்கு ஒரே ஒரு சொல்: ‘சங்கிலி’.