வயல் தண்ணியும் கடல் தண்ணியும்

பெருநாள் இரவு

உழ்ஹிய்யா இறைச்சி பங்கிட்டு முடித்து, கடைசிச் சட்டியைக் கழுவிக் கவிழ்க்கும்போது மணி பத்து. கட்டாரிலிருந்து வந்த தம்பிக்கு லீவு இன்னும் ஐந்து நாள்தான். "ராத்தா, எல்லாருமா ஒரு நாளைக்கு எங்கயாவது போவமே" என்றான். அவன் மனதில் இருப்பது சாய்ந்தமருதுக் கடற்கரை. அஸர் தொழுதுவிட்டுப் புறப்பட்டால் போதும். மணலில் பாய் விரித்து, கச்சான் கொறித்துக்கொண்டு, பிள்ளைகளை ஓடவிட்டு இருக்கலாம். என் சின்ன மகளுக்கோ இங்கினியாகலைப் படகுதான் வேண்டும். சேனநாயக்க சமுத்திரத்தில் யானை நீந்துமென்று வகுப்புப் பிள்ளை ஒருத்தி சொன்ன நாளிலிருந்து அவளுக்கு வேறு பேச்சில்லை.

உம்மா ஒன்றும் பேசாமல் எழுந்து அறைக்குள் போய்விட்டார். கடற்கரை என்ற பேச்சு எடுபட்டால் உம்மா எழுந்து போவது இந்த வீட்டில் புதிதல்ல.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஊரான சம்மாந்துறை வரைக்கும் கடல் வரவில்லை, ஆட்கள்தான் வந்தார்கள். சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர்ப் பக்கமிருந்து ஈர உடுப்போடு, காலில் செருப்பில்லாமல் வந்தார்கள். உம்மா வாசலில் நின்று முகம் முகமாகப் பார்த்தார். சாய்ந்தமருதில் குடியிருந்த அவருடைய ராத்தா வரவேயில்லை. சுனாமியில் இலங்கையிலேயே ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம்; 10,000க்கும் மேல். அந்தக் கணக்குக்குள் எங்கள் பெரியும்மாவும் ஒருவர்.

இரண்டாம் நாள்

காலையில் இடியப்பமும் இறைச்சி ஆணமும். மகள் மறுபடி படகை எடுத்தாள். "படகு கவிழ்ந்தா?" என்று நான் கேட்டேன். என் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதவைப் படகு கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் மௌத்தானார்கள். தம்பி சொல்லும் கடற்கரைக்கான பாதையும் எனக்கு இலேசானதல்ல. 2024 நவம்பர் 26 அன்று, மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிய எங்கள் ஊர்ப் பிள்ளைகளை ஏற்றி வந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் புரண்டது அதே மாவடிப்பள்ளிப் பாதையில்தான். அந்த இடத்தைக் கடக்கும்போது எங்கள் ஊரார் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

தண்ணீரை விட்டு விலகி வாழவும் எங்களால் முடியாது. சம்பான் என்ற படகுகள் வந்து தங்கிய துறை என்பதால்தான் சம்மாந்துறை என்று பேர் வந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். இன்று துறையும் இல்லை, சம்பானும் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வயல். அந்த வயலை வாழவைப்பது 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம். பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்துக் கட்டிய அணையின் பின்னே நிற்கும் சேனநாயக்க சமுத்திரத்துத் தண்ணீர் வாய்க்கால் வாய்க்காலாக இறங்கி வந்துதான் எங்கள் வேளாண்மை விளைகிறது.

இதைத்தான் உம்மா ஒரே வசனத்தில் சொன்னார். ஆணத்தைப் பரிமாறிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "அது நம்மட வயல் தண்ணிதானே, நானும் வாறன்" என்றார். தம்பி பிய்த்த இடியப்பத்தை வாயில் வைக்காமல் அப்படியே இருந்தான். அதற்குப் பிறகு கடற்கரையா படகா என்று யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள்

சுபஹு தொழுது வெள்ளாப்பிலேயே புறப்பட்டோம். அம்பாறை தாண்டியதும் மலைகள் கிட்ட வந்தன. படகில் ஏறுமுன் நான் பார்த்த முதல் காரியம் லைஃப் ஜக்கெட். மகளுக்குப் பெரியவர்களுடையது தோளில் நிற்காமல் நழுவியது. சின்ன அளவு வரும்வரை ஏறமாட்டேன் என்று நின்றேன். கொண்டுவந்து தந்தார்கள். உம்மா முக்காட்டைச் சரிசெய்து, அதற்கு மேலே தன்னுடையதைப் போட்டுக்கொண்டு, கொளுக்கி 'டக்'கென்று விழும்வரை தானே அழுத்தினார். பிறகு பேத்தியுடையதை இழுத்துப் பார்த்தார்.

சமுத்திரத்தைச் சூழ்ந்த கல்லோயாத் தேசியப் பூங்கா 1954இல் பிரகடனமானது. நீரால் சூழப்பட்ட குன்றுகள் இப்போது தீவுகள். ஒரு தீவில் புல் தீர்ந்தால் யானைகள் அடுத்த தீவுக்கு நீந்திப் போகும். நாங்கள் பார்த்தது இரண்டு. முதலில் கறுப்புக் கல் என்றே நினைத்தோம். கல் நகர்ந்தது, தும்பிக்கை ஒன்று தண்ணீருக்கு மேலே வளைந்து எழுந்தது. படகுக்காரர் தூரத்திலேயே இயந்திரத்தை நிறுத்தினார். மகள் கத்தவில்லை, மூத்தம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தபடி இருந்தாள்.

உம்மா பார்த்துக்கொண்டிருந்தது வேறொன்றை. தண்ணீருக்குள் பட்டுப்போய் நிற்கும் மரங்களில், முன்பு தண்ணீர் நின்ற உயரம் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. கோட்டுக்கும் இன்றைய மட்டத்துக்கும் இடையே எத்தனை முழம் என்று கண்ணால் அளந்தார். "இந்தப் போகத்துக்குத் தண்ணி காணும்" என்றார். பிறகு குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி முகத்தில் ஒற்றிக்கொண்டார்.

இரவு

எழுத உட்கார்ந்தபோது ஒன்று உறைத்தது. இத்தனை வருடமும் எது அழகு, எது கிட்ட, எதற்குச் செலவு குறைவு என்றுதான் லீவுக்குப் போகும் இடத்தைத் தேர்ந்தோம். வீட்டிலிருக்கும் ஒவ்வொருவருக்கும் அந்த இடத்தோடு என்ன கணக்கு இருக்கிறதென்று கேட்டதில்லை. உம்மா கடலை விட்டு ஒதுங்கியதைத் தண்ணீருக்கே பயந்தவர் என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம். கேட்டிருந்தால் இந்தப் படகில் எப்போதோ ஏறியிருப்பார்.

தம்பியின் ஆசையும் நியாயமானதுதான். பாலைவனத்தில் இரண்டு வருடம் இருந்தவனுக்குக் கடற்காற்று வேண்டும். நாளை அஸருக்குப் பிறகு அவனும் நானும் பிள்ளைகளும் சாய்ந்தமருதுக்குப் போகிறோம். உம்மாவை வரச்சொல்லி வற்புறுத்தமாட்டோம். அவருக்குத் தெரியாமல் போகவும் மாட்டோம். சொன்னபோது இந்தமுறை அவர் எழுந்து உள்ளே போகவில்லை.

"பிளாஸ்க்கில பிளேன்டீ ஊத்தித் தாறன்" என்றார். "புள்ளயள் முழங்காலுக்கு மேல இறங்கக் கூடாது. மஃரிபுக்கு முந்தி வந்துருங்க."